பண்டிகைக் காலத்தில் டயட்: விடாமல் பிடிப்பதா, நிறுத்தி வைப்பதா, நாள் குறித்து விடுமுறை எடுப்பதா?

ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் வீட்டுக்கு வருவதில் தொடங்கி, காணும் பொங்கலன்று கட்டுச்சோறு அவிழ்ப்பது வரை எண்ணினால் ஏறக்குறைய நூறு நாள். எடை குறைப்பவர்களுக்கு வருஷத்திலேயே சிரமமான காலம் இதுதான். நடுவில் தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தங்கள். ஆபீஸ் மேஜையில் ஸ்வீட் பாக்ஸ். போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழையும் இதே மாதங்களில்தான் பெய்கிறது. வாரத்தில் மூன்று நாள் காலை நடை நின்றுபோகும். வாய்க்கு வேலை கூடுகிற நேரத்தில் காலுக்கு வேலை குறைகிறது.

இந்த நூறு நாளைக் கடக்கப் பெரும்பாலானோர் ஐந்து வழிகளில் ஒன்றை எடுக்கிறார்கள். ஒரு துண்டு இனிப்பும் தொடாமல் டயட்டை அப்படியே நடத்துவது ஒன்று. எடைக் குறைப்பை நிறுத்திவைத்து, இருக்கிற எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. பண்டிகை நாளுக்கு மட்டும் விடுமுறை விட்டு மற்ற நாளில் கறாராக இருப்பது மூன்றாவது. விருந்துக்கு முன்னும் பின்னும் பட்டினி கிடந்து ஈடுகட்டுவது நான்காவது. சர்க்கரையில்லாத இனிப்பு, கருப்பட்டி இனிப்பு, தினை லட்டு என்று மாறிக்கொள்வது ஐந்தாவது. ஐந்தும் சமம் இல்லை. எது யாருக்கு என்று பார்ப்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுவிட வேண்டும். அதைப் போடாததால்தான் பலர் தப்பான இடத்தில் கறாராக இருக்கிறார்கள்.

எடை ஏறுவது எந்த நாளில்?

65 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். எடை ஏறாமல் இறங்காமல் நிற்க அவருக்கு நாளைக்குச் சுமார் 1,800 கலோரி வேண்டும். டயட்டில் 1,400 சாப்பிடுகிறார். தினம் 400 குறைகிறது.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் சாப்பிட்டு, கையோடு இரண்டு துண்டு மைசூர்பாக், ஒரு அதிரசம், ஒரு கைப்பிடி மிக்சர். அப்புறம் இட்லியும் கறிக்குழம்பும், வடை. மதியம் பாயசத்தோடு சாப்பாடு. சாயங்காலம் வந்தவர்களோடு இன்னொரு சுற்று பலகாரம். எல்லாம் சேர்ந்து 3,000 கலோரி ஆனாலும், தேவைக்கு மேல் போனது 1,200தான். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். ஆக அன்றைய விருந்தின் விலை 150 கிராம் சொச்சம். மூன்று நாள் டயட்டில் அது கரைந்துவிடும்.

இப்போது மறுநாளிலிருந்து பாருங்கள். டைனிங் டேபிளில் பலகார டப்பா இருக்கிறது. சாயங்காலக் காபியோடு இரண்டு முறுக்கு, 40 கிராம், சுமார் 200 கலோரி. 25 கிராமில் சின்னதாக ஒரு மைசூர்பாக், 150 கலோரி. மொத்தம் 350. டப்பா காலியாக இரண்டு வாரம் ஆகும். 15 நாளுக்கு 5,250 கலோரி, தீபாவளி விருந்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். டயட்டில் இருப்பவரின் 400 கலோரிக் குறைவில் 350 இந்தக் காபி வேளையிலேயே போய்விடுகிறது. காலையில் ஓட்ஸ், இரவில் இரண்டு சப்பாத்தி என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டே, எடை ஏன் இறங்கவில்லை என்று அவர் குழம்பிப்போவார். டயட்டில் இல்லாதவருக்கு இதே 15 நாளில் 700 கிராம் வரை ஏறும்.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை 195 பேரின் எடையைப் பின்தொடர்ந்தது. சராசரி ஏற்றம் 0.37 கிலோதான், பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் ஏறியது அடுத்த வருஷத்திலும் இறங்கவில்லை. பத்து வருஷத் தீபாவளிகளின் கணக்கை இதிலிருந்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

எனவே எந்த வழியை எடுத்தாலும் அதை ஒரு கேள்வியால் சோதியுங்கள்: பண்டிகை முடிந்த மறுநாள் டப்பாவை இது என்ன செய்கிறது?

ஒரு துண்டும் வேண்டாம் என்பது

இதன் பெரிய பலம், ஒவ்வொரு தட்டு முன்னாலும் முடிவெடுக்க வேண்டியதில்லை என்பதுதான். ஒரு துண்டு வாயில் பட்டால் பெட்டி காலியாகும்வரை நிறுத்த முடியாதவர்கள் உண்டு. அவர்களுக்கு முழு விலக்கு, அளவோடு சாப்பிடுவதைவிடச் சுலபம். டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 500-க்கு மேல் போய், கணைய அழற்சி வரலாம் என்று டாக்டர் எச்சரித்தவர்களுக்கும் வேறு வழி கிடையாது.

மற்றவர்களுக்கு இது பெரும்பாலும் தீபாவளியைத் தாண்டுவதில்லை. காரணம் மன உறுதி இல்லாதது இல்லை. அத்தை தன் கையால் செய்த அதிரசத்தை முகத்துக்கு நேரே மறுப்பது ஒரு நாள் முடியும், நூறு நாள் முடியாது. ஒரு நாள் சறுக்கியதும், "விட்டது விட்டாச்சு, இனிப் பொங்கல் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று மனசு சொல்லிவிடும். ஒரு நாளில் முடிய வேண்டியது மூன்று மாதத்துக்கு நீள்கிறது.

கீட்டோ போன்ற குறை-மாவு டயட்டில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் இனிப்பும் சோறும் சாப்பிட்டால் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, மறுபடி சேரும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் தராசு ஒன்றரை, இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். மேலே பார்த்தபடி அதில் கொழுப்பு 150 கிராம்தான். இதைத் தெரியாமல் மனம் உடைந்து டயட்டையே விட்டவர்கள் அதிகம்.

பட்டினியால் ஈடுகட்டுவது

ஐந்தில் நாங்கள் பரிந்துரைக்காத வழி இது ஒன்றுதான். மதியம் விருந்து என்று காலை, முந்தைய நாள் இரவு இரண்டையும் விட்டால், பந்தியில் உட்காரும்போது பசி கண்ணை மறைக்கும். முதலில் கைக்கு வருவதும் இனிப்பாகவே இருக்கும். விட்ட 600 கலோரிக்குப் பதில் 900 உள்ளே போகும்.

ஏகாதசி, சஷ்டி விரதத்தைப் பக்தியோடு இருப்பவர்கள் இருக்கட்டும். அது வேறு விஷயம். எடைக்காக என்று அதில் இறங்கினால் ஏமாற்றம்தான். தீபாவளி முடிந்து வரும் சஷ்டி ஆறு நாளும் பால், பழத்தில் ஓட்டினால் இறங்குவதில் பெரும் பங்கு தண்ணீர், கொஞ்சம் தசை. சூரசம்ஹாரம் முடிந்து சாப்பிடத் தொடங்கியதும் தண்ணீர் திரும்பிவிடும். ஏகாதசிப் பலகாரமான ஜவ்வரிசி உப்புமா கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. சோற்றுக்கு அது மாற்றே இல்லை.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு ஒரு வேளையை விட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சில் குழப்பம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்துச் சோதிக்க வேண்டும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் நீண்ட பட்டினி இருந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் அபாயம் உண்டு. டாக்டரைக் கேட்காமல் விரதம் வேண்டாம்.

இந்த வழியில் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு: விருந்து நாளன்று இரவுச் சாப்பாட்டை ரசம், மோர், ஒரு கிண்ணம் காய் என்று இலேசாக முடித்து, மறுநாள் காலைவரை 12 மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பது. காலை உணவை மட்டும் விட வேண்டாம்.

மாற்று இனிப்புகள்: எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது

கடையில் ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய பெட்டி விலை அதிகம். அதனால் நன்மையும் அதிகம் என்று தோன்றிவிடுகிறது. மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இல்லாத பொருளைத்தான் அப்படிச் சொல்லலாம். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்பது முற்றிலும் வேறு. பேரீச்சம்பழமும் அத்தியும் அரைத்து உருட்டியதிலும் அந்த வாசகத்தைப் பார்க்கலாம். ஆனால் பேரீச்சையில் 100 கிராமுக்கு 65 கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. இரண்டு வாசகமும் நெய்யைப் பற்றியோ முந்திரியைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்வதில்லை. நெய் ஒரு கிராமுக்கு 9 கலோரி, சர்க்கரை 4. முந்திரி 100 கிராமில் 550 கலோரிக்கு மேல். சர்க்கரையில்லாத முந்திரி கத்லி எடைக்கு அப்படி ஒன்றும் தோழன் இல்லை.

பல சுகர் ஃப்ரீ இனிப்புகளில் சர்க்கரைக்குப் பதிலாக மால்டிடால் என்ற இனிப்பூட்டியைச் சேர்க்கிறார்கள். அதற்கும் கிராமுக்கு இரண்டு கலோரிக்குச் சற்று மேல் உண்டு. ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். நாலைந்து துண்டு சேர்ந்தால் வயிறு உப்பி, பேதியும் ஆகலாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, வெல்லம் எல்லாம் 100 கிராமுக்கு 370 முதல் 385 கலோரி. வெள்ளைச் சர்க்கரை 390-ஐ ஒட்டி. சுவைக்காகச் சேருங்கள், தாராளமாக. எடைக்காக என்றால் பயன் இல்லை. தினை, சாமையும் கலோரியில் அரிசியை ஒட்டியவைதான். தினை லட்டில் நார்ச்சத்து கொஞ்சம் கூடும். ஆனால் உருட்ட நெய்யும் வெல்லமும் அதே அளவு போகிறது.

வீட்டில் செயற்கை இனிப்பு போட நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை இனிப்புக்கு மட்டும் சேர்ப்பதா, பாகுக்காகவும் சேர்ப்பதா? பால் பாயசம், காபி, பாதாம் பால் முதல் வகை. அடுப்பிலிருந்து இறக்கியபின் சுக்ரலோஸ் கலந்தால் சரியாக வரும். அஸ்பார்டேம் வேண்டாம், சூட்டில் இனிப்பு போய்விடும். மைசூர்பாக், அதிரசம், லட்டு, கடலை மிட்டாய் இரண்டாவது வகை. பாகு இல்லாமல் அவை நிற்கவே நிற்காது. அதிரச மாவு உருட்டுப் பதத்துப் பாகில் பிணைய வேண்டும். இல்லையென்றால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகும்.

பாயசத்திலும் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். ஆறு பேருக்கு ஒரு லிட்டர் பாலில் 120 கிராம் சர்க்கரை போடும் இடத்தில் 40 கிராமும் சுக்ரலோஸும் போட்டால் ஆளுக்கு 13 கிராம் சர்க்கரை குறையும், சுமார் 53 கலோரி. சர்க்கரை நோயாளிக்கு இந்த 13 கிராம் பெரிய விஷயம். எடைக் குறைப்பவருக்குச் சின்ன விஷயம். ஆக இந்த வழி சர்க்கரை நோயாளிகளுக்குப் பாயச வகையில் மட்டும் கைகொடுக்கும். மற்றவர்கள் அசல் இனிப்பையே சின்ன துண்டாகச் சாப்பிடுவது நல்லது. சுகர் ஃப்ரீ என்ற தைரியத்தில் மூன்று துண்டு சாப்பிடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

நாள் குறித்து விடுமுறை

காகிதத்தில் இதுதான் அதிகம் குறைக்கும் வழி. ஆயுத பூஜை, தீபாவளி, கார்த்திகை, புத்தாண்டு, பொங்கல், இரண்டு கல்யாணம் என்று ஏழு நாளைக் காலண்டரில் முன்கூட்டியே வட்டமிடுங்கள். அந்த ஏழு நாளும் தலா 1,200 கூடினால் 8,400. மற்ற 93 நாளும் 400 குறைந்தால் 37,200. நிகரமாக 28,800, அதாவது மூன்றரை கிலோவுக்கு மேல் இறங்க வேண்டும். எடை இறங்க இறங்க உடம்பின் தேவையும் கொஞ்சம் குறையும் என்பதால் நடைமுறையில் மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கெடுப்பது இரண்டு. தீபாவளி, கார்த்திகை, பொங்கல் மூன்றுக்கும் டப்பா தலா 15 நாள் திறந்திருந்தால் 45 நாள், 15,750 கலோரி. இறங்க வேண்டியதில் இரண்டு கிலோ அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, வட்டமிடாத நாட்கள் பெருகுவது. போகி, மாட்டுப் பொங்கல், பக்கத்து வீட்டு கிரகப் பிரவேசம், ஆபீஸில் ஒருவருக்குப் பிறந்த நாள் என்று ஏழு இருபதாகும். புது நாள் ஒன்று சேர்ந்தால் பழைய வட்டம் ஒன்றை அழித்துவிட வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டைக் காப்பாற்ற முடிந்தவர்களுக்கு இது நல்ல வழி. குறிப்பாக 15, 20 கிலோ குறைக்க வேண்டியவர்கள் நூறு நாளைச் சும்மா விட வேண்டாம்.

விடுமுறை நாளிலும் சாப்பிடும் வரிசையை மாற்றினால் பலன் உண்டு. வெறும் வயிற்றில் விடியற்காலை இனிப்பு சாப்பிடுவதுதான் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று தூக்கும். லேகியம் சுண்டைக்காயளவு போதும். முதலில் இட்லியும் கறிக்குழம்பும். சைவ வீடு என்றால் பொங்கலோடு சாம்பாரில் பருப்பு தூக்கலாக, ஒரு கிண்ணம் தயிர். அதற்குப் பின் இனிப்பு. புரதமும் காயும் முன்னால் போனால், பின்னால் வரும் சர்க்கரை மெதுவாக ஏறும், ஒரு துண்டோடு போதும் என்றும் தோன்றும்.

எடையைப் பிடித்து நிறுத்துவது

எங்கள் அனுபவத்தில் அதிகம் பேருக்குப் பலிப்பது இதுதான். முக்கியமாக மூன்று மாதத்துக்கு மேல் டயட்டில் இருந்து களைத்தவர்கள், இன்னும் ஐந்தாறு கிலோதான் குறைய வேண்டியவர்கள், சமையல் பொறுப்பைக் கையில் வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு. சமைக்கிறவர் ருசி பார்க்காமல் இருக்க முடியாது. அவருக்குத் தடை போடுவதைவிடக் கணக்கில் இடம் கொடுப்பதே சரி.

இடைவெளி விட்டால் பிடித்ததெல்லாம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பருமனான 51 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் எடையைத் தக்கவைக்கும் அளவுச் சாப்பாடு என்று மாற்றி மாற்றி இருந்தவர்கள், தொடர்ந்து டயட்டில் இருந்தவர்களைவிட அதிகமாகவே குறைத்தார்கள். சின்ன ஆய்வு, அவர்களுக்கு நாளும் அதிகம் பிடித்தது. ஆனால் இடைவெளி கெடுதல் செய்யவில்லை என்பது தெளிவு. அந்த இடைவெளியில் சாப்பாடு அளந்தே கொடுக்கப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது.

உங்கள் தக்கவைப்பு அளவைக் கண்டுபிடிக்கும் வழி இது. கடந்த நான்கு வாரத்தில் வாரத்துக்குச் சராசரியாக எத்தனை கிலோ இறங்கியது என்று பாருங்கள். அதை 1,100-ஆல் பெருக்குங்கள். வாரம் 300 கிராம் என்றால் 0.3 பெருக்கல் 1,100, விடை 330. இப்போதைய சாப்பாட்டோடு நாளைக்கு 330 கலோரி சேர்த்தால் எடை அங்கேயே நிற்கும். இந்த 330-ஐச் சோற்றில் ஒரு கரண்டி, தோசையில் ஒன்று என்று கரைத்துவிடாதீர்கள். மூன்று வேளையும் டயட்டில் இருந்தபடியே இருக்கட்டும். 330 முழுவதும் பலகாரத்துக்கு. 30 கிராம் மைசூர்பாக் ஒன்று சுமார் 180, முறுக்கு 30 கிராம் 150. அன்றைய பங்கு முடிந்தது. சாப்பிடாத நாளின் பங்கை அடுத்த நாளுக்குக் கொண்டுபோகலாம், இரண்டு நாள் வரை மட்டும்.

இதே 330-ஐக் கார்த்திகையில் செலவு செய்தால் இன்னும் நிறைய கிடைக்கும். எலுமிச்சை அளவுப் பொரி உருண்டை 20 கிராம், 75 கலோரிதான். பொரியில் காற்று அதிகம், நெய் இல்லை. நவராத்திரியும் அப்படித்தான். 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்து, இரண்டு டீஸ்பூன் தேங்காய்த் துருவல் போட்டால் 250 கலோரி, 10 கிராம் புரதம். சாயங்கால டிபனுக்குப் பதிலாக இதைச் சாப்பிட்டால் ஒன்பது நாளும் லாபம். டிபனும் சாப்பிட்டு, கொலு பார்க்கப் போன நாலு வீட்டுச் சுண்டலும் சாப்பிட்டால் நஷ்டம். வெள்ளிக்கிழமைப் புட்டு இனிப்பு, அதை இனிப்புக் கணக்கில் வையுங்கள். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் 150 கிராமுக்கு 380 கலோரி சொச்சம் வரும். ஒரு கப் அரிசிக்கு ஒன்றரைக் கப் வெல்லமும் அரைக் கப் நெய்யும் போட்ட கணக்கு இது.

இந்த வழியின் பலவீனம், எண் இறங்காததால் கவனம் தளர்வது. அதற்குத் தராசு வேண்டும். 2018-இல் வெளிவந்த ஆய்வில், பிரிட்டனின் பர்மிங்காமில் 272 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவினர் கிறிஸ்துமஸ் காலத்தில் வாரம் இரு முறை எடை பார்த்தார்கள். சின்னச் சின்ன ஆலோசனைகளோடு, எந்தத் தின்பண்டத்துக்கு எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்ற பட்டியலும் அவர்களிடம் இருந்தது. அவர்களுக்கு எடை ஏறவில்லை; இன்னொரு குழுவோடு ஒப்பிட்டால் அரை கிலோ அளவுக்கு வித்தியாசம். நம் பட்டியலில் முதல் வரி இப்படி இருக்கும்: 65 கிலோ ஆளுக்கு 30 கிராம் மைசூர்பாக் கரைய முக்கால் மணி நேரத்துக்கு மேல் நடை.

புதன், ஞாயிறு காலை, கழிப்பறை போய்வந்து, காபிக்கு முன் எடை பாருங்கள். இரண்டின் சராசரிதான் அந்த வார எடை. பண்டிகைக்கு மறுநாள் எடையை எழுதவே வேண்டாம். மிக்சர், ஊறுகாய் உப்பும் இனிப்பும் பிடித்த தண்ணீர் இறங்க நாலைந்து நாள் ஆகும். வாரச் சராசரி தொடர்ந்து இரண்டு வாரம் தொடக்க எடையைவிட ஒரு கிலோ கூடியிருந்தால் அது கொழுப்பு. அப்போது பலகாரப் பங்கை 330-இலிருந்து 100-க்குக் குறைத்து, பழைய எடை வரும்வரை அப்படியே இருங்கள். மழை நாளில் நடை தவறாமல் இருக்க, சாப்பிட்டதும் வீட்டுக்குள்ளேயோ மொட்டை மாடிப் படியிலோ 15 நிமிஷம், மூன்று வேளையும். ரத்தச் சர்க்கரைக்கு இது காலையில் மொத்தமாக நடப்பதைவிட நன்றாக வேலை செய்யும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இந்த வழிதான், ஆனால் சேர்ப்பதற்குப் பதில் மாற்ற வேண்டும். 30 கிராம் மைசூர்பாகில் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 15 கிராம். ஒரு இட்லியைக் குறைத்தால் ஏறக்குறைய ஈடாகும். குலாப் ஜாமுன் ஜீராவோடு 25 கிராம் வரை வரும். கரண்டியால் அழுத்திப் பிழிந்து சாப்பிடுங்கள், இரண்டு இட்லியை விட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து 180-க்குள் இருந்தால் சரி. மைசூர்பாக் மாதிரி நெய் மிகுந்ததற்கு இரண்டு மணி நேர எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கொழுப்பு செரிமானத்தைத் தாமதமாக்கும், சர்க்கரை மூன்றாம் நான்காம் மணியில்தான் ஏறும். ஒரு முறை அந்த நேரத்திலும் குத்திப் பார்த்துக்கொண்டால் உங்கள் உடம்பு எப்படி என்பது தெரிந்துவிடும்.

டப்பாவுக்கு விதி

விடுமுறை வழியோ தக்கவைக்கும் வழியோ, இரண்டும் இங்கேதான் நிலைக்கும் அல்லது விழும்.

நான்கு பேர் குடும்பத்துக்குக் காரம் அரைக் கிலோ, இனிப்பு கால் கிலோ. நாலு நாளில் தீர வேண்டிய அளவு அது. அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதைத் தீபாவளிக்கு முந்தைய நாளே பொட்டலம் போட்டு அனுப்பிவிடுங்கள். மறுநாள் கொடுக்கலாம் என்று வைத்தால் அது வீட்டுக்கே தங்கிவிடும். மிச்சத்தை 30 கிராம் பொட்டலமாகக் கட்டி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, சமையலறை மேல் தட்டில் வையுங்கள். கண்ணாடி ஜாடி டைனிங் டேபிளில் வேண்டாம். டப்பாவிலிருந்து நேராக வாய்க்குப் போகக் கூடாது. தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆபீஸில் கொடுத்த அரைக் கிலோ பாக்ஸை அங்கேயே பிரித்து எல்லோருக்கும் நீட்டுங்கள். அது 2,000 கலோரிக்கு மேல். உறவினர் வீட்டில், "அப்புறம் சாப்பிடறேன், கட்டிக் குடுங்க" என்பதைவிட, "பாதி குடுங்க சித்தி, இங்கேயே சாப்பிடறேன்" என்பது மேல். அவருக்கும் மனசு நிறையும், உங்கள் டப்பாவிலும் சேராது.

செய்முறையிலும் கொஞ்சம் குறைக்கலாம். முறுக்கு மாவில் வெண்ணெய் கூடினால் எண்ணெயில் பிரியும், எண்ணெயையும் உறிஞ்சும். எண்ணெய் சரியாகக் காயாமல் பிழிந்தாலும் அதே கதி. துளி மாவைப் போட்டால் உடனே மேலே எழும்பி வர வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் காயவில்லை. அதிரசத்தை எடுத்ததும் சூட்டோடு இரண்டு ஜல்லிக் கரண்டிக்கு நடுவில் வைத்து நன்றாக அழுத்தினால் எண்ணெய் வடிவது கண்ணுக்குத் தெரியும். ஆறினால் அழுத்தியும் வராது. கேசரியில் ஒரு கப் ரவைக்கு இரண்டு கப் சர்க்கரை என்பதை ஒன்றேகாலாகக் குறைத்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். மைசூர்பாகில் மட்டும் நெய்யில் கை வைக்காதீர்கள். காய்ந்த நெய் ஊற்ற ஊற்றத்தான் கடலை மாவு பொரிந்து துளை விடும். குறைத்தால் கல்லாக இறுகிப்போகும். வழக்கமாக வெட்டும் துண்டைக் குறுக்கே பாதியாக வெட்டுங்கள், போதும்.

காணும் பொங்கல் முடிந்து பழைய 1,400-க்குத் திரும்ப வேறெதையும் குறைக்க வேண்டாம். முதல் வாரம் பலகாரப் பங்கை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே சாப்பிடுங்கள். அந்த வாரம் தராசு ஒரு கிலோ இறங்கிக் காட்டினால் பெரும்பகுதி தண்ணீர். அதை வைத்து அடுத்த மாதக் கணக்கைப் போடாதீர்கள். இரண்டாம் வாரச் சராசரியையே தொடக்க எடையாக எழுதுங்கள். ஜனவரி நடுவில் மழை விலகிவிடுவதால் காலை நடையை அந்த வாரத்திலேயே மறுபடி தொடங்கலாம். தை முகூர்த்தப் பத்திரிகைகளும் அப்போது வர ஆரம்பித்திருக்கும்; எந்தக் கல்யாணத்துக்கு வட்டம் என்பதை அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.